ராங் நம்பர் சொல்லாத வீடு

ஐதராபாத்தில் நான் வேலை பார்த்த ஆங்கில நாளிதழில், நகரப் பக்கத்தின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி உண்டு. உள்ளங்கை அகலம், சிறிய படம் ஒன்று, இருநூற்றைம்பது சொற்கள். வியாழக்கிழமைகளில் வரும். அச்சில் அதற்கு நாகரிகமான ஒரு பெயர் இருந்தது. டெஸ்கில், அதாவது செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் பிரிவில், நாங்கள் ‘க்ராக் பாக்ஸ்’ என்போம். ஊரில் யாராவது விநோதமாக எதையாவது செய்துவைத்திருந்தால் அவர் அந்தப் பெட்டிக்குள் போவார்.

வேலைக்குச் சேர்ந்த மறுவருடம் அது என் பொறுப்புக்கு வந்தது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று ஊர் பயந்து, எதுவும் நிற்காமல் பெருமூச்சு விட்டிருந்த சமயம். நிருபர்கள் மேற்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றி எழுதினார்கள். நான் சைனிக்புரிக்குப் போய், வேலிச் செடியை டாங்கி வடிவத்தில் வெட்டி வளர்த்த ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரியைப் பற்றி எழுதினேன். மழை நாட்களில் டாங்கியின் மூக்கு வாரத்துக்கு நான்கு அங்குலம் வளரும் என்று அவர் வருத்தப்பட்டார். தன் ஸ்கூட்டருக்குக் காலர் வைத்துச் சட்டை தைத்திருந்த தையற்காரரைப் பற்றியும் எழுதினேன். அவர் அதற்குப் பாக்கெட்டும் வைத்திருந்தார். பாக்கெட்டில் வண்டியின் ஆர்.சி. புத்தகம் இருந்தது.

“இது காபியோட படிக்கிற ஐட்டம். படிக்கிறவன் சிரிச்சா போதும்,” என்பார் எங்கள் சீஃப் சப், தலைமை உதவி ஆசிரியர். நல்ல மனிதர். முப்பது வருடம் டெஸ்கிலேயே இருந்தவர்.

இன்னொரு விதியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் எல்லா டெஸ்கிலும் அது உண்டு. செய்தியில் முக்கியமானது மேலே இருக்க வேண்டும், போகப்போக முக்கியம் குறைய வேண்டும். இடம் போதவில்லை என்றால் யோசிக்காமல் கீழேயிருந்து வெட்டலாம். கடைசி பாரா என்பது போனால் போகட்டும் என்று எழுதுவது. க்ராக் பாக்ஸில் மட்டும் நான் இதை மீறிக்கொண்டிருந்தேன். இந்த ஆள் எதற்காக இதையெல்லாம் செய்கிறார் என்பதைக் கடைசி பாராவில் வைப்பேன். அதுவரை சிரித்துக்கொண்டு வந்த வாசகர் அங்கே ஒரு கணம் நிற்பார் என்று ஓர் எண்ணம். சில மாதங்களாக அது பலித்திருந்தது. சொந்தமாக ஒரு பாணி வந்துவிட்டது என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

சர்க்குலேஷன் பிரிவில் இருந்த தமிழர் ஒருவர்தான் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். “மெட்டுகுடாவில ஒரு வீடு. போன் போட்டா ரயில் டைம் சொல்றாங்க. ரயில்வே ஆபீஸ் இல்ல, வீடு.” அவருக்கே தப்பாக எண்ணை அழுத்தித்தான் அது தெரிந்திருந்தது. ஸ்டேஷன் விசாரணையின் மூன்று இலக்க எண் எப்போதும் பிஸியாக இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் டைரக்டரியில் இருந்த ஏழு இலக்க எண்ணை முயல்வார்கள். அந்த எண்ணுக்கும் இந்த வீட்டு எண்ணுக்கும் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். போனின் பொத்தான்களில் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை.

அலுவலகத்திலிருந்து முயன்று பார்த்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

“செப்பண்டி,” என்றது ஓர் ஆண் குரல்.

எனக்குத் தெரிந்த தெலுங்கில், விஜயவாடா வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். காலை வண்டியா மாலை வண்டியா என்றார். சொன்னேன். ஏதோ சுழல்கிற சத்தம் கேட்டது. நேரத்தைச் சொல்லிவிட்டு, “மெட்ராஸ் சைடா தம்பி?” என்றார்.

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

“தெலுங்கை இந்த மாதிரிக் கொலை பண்றவங்க வேற யாரு.”

மறுநாள் காலை போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி உள்ளே போகிற சந்தில், இரண்டு அறை வீடு. வயதான தம்பதி. கணவர் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காட்பாடியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மூன்று தலைமுறை செகந்திராபாத்தில் இருந்தும் வீட்டில் வட ஆற்காட்டுத் தமிழ்தான். கூடவே ஊரின் உருது கொஞ்சம்.

வாசல் அறையில் ஸ்டூல் மேல் போன். அதன் பக்கத்தில் பழைய டேபிள் ஃபேன் ஒன்றின் கால். ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிளின் முன்சக்கரம், தட்டினால் சுற்றுகிறபடி. முப்பத்திரண்டு கம்பிகள். ஒவ்வொரு கம்பியிலும் துணிக் கிளிப்பால் ஓர் அட்டை மாட்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்த அட்டைகள். பின்பக்கம் ‘நல்வரவை நாடும்’ என்றும் மணமகன் பெயரில் பாதியும் தெரிந்தன. முன்பக்கம் வண்டியின் பெயர், வரும் நேரம், போகும் நேரம், பிளாட்பாரம். பச்சைக் கிளிப் என்றால் வண்டி சரியான நேரத்தில் வருகிறது. சிவப்புக் கிளிப் என்றால் லேட். சக்கரத்தில் ஒரு சைக்கிள் மணியும் உண்டு. அதை அடித்தால் டூட்டி மாற்றம், சமையலறையிலிருந்து மனைவி வர வேண்டும்.

“அவரு அடிப்பாரு. நான் வரமாட்டேன். அது வேற விஷயம்,” என்றார் அந்த அம்மா.

“லேட்டுங்கிறது எப்படி சார் தெரியும்?”

“சிக்னல் கேபின்ல நம்ம ஆளுங்க இருக்காங்க, காலைல கேட்டுக்குவேன். காஜிபேட் லைன் வண்டிங்கன்னா கேக்கவே தேவையில்ல. கொல்லைப்பக்கம் லைன் போவுது. ஹார்ன் கேட்டா சொல்லிடுவேன், இப்பதான் எங்க வீட்டைத் தாண்டுச்சு, பத்து நிமிஷத்துல ஸ்டேஷன்ல இருக்கும்னு. அந்த மாதிரி ஸ்டேஷன்காரனே சொல்லமாட்டான்.”

நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் பதினேழு அழைப்புகள் வந்தன. எண்ணுவது தொழில் பழக்கம். டெல்லி வண்டி மூன்று மணி நேரம் லேட் என்று இவர் சொன்னதும் ஒருவர், வயதான அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திட்டத் தொடங்கினார். இவர் இடையில் பேசவே இல்லை. முடிந்ததும், “தப்புதான் சார். அம்மாவை வெயில்ல உட்கார வெக்காதீங்க, ஒண்ணாம் பிளாட்பாரத்துல வெயிட்டிங் ரூம் இருக்குது,” என்று இந்தியில் சொன்னார். ரயில்வேயின் சார்பாக அவர் மன்னிப்புக் கேட்பது தினமும் நடக்கிற காரியம் என்று தெரிந்தது.

“ரிடையர் ஆனப்போ வீட்ல நிம்மதியா இருப்பாருன்னு பார்த்தேன்,” என்றார் அம்மா. “இப்ப எனக்கும் சேர்த்து டூட்டி. காகிநாடாவுக்குப் போறவன் ஒருத்தன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் பண்றான். எனக்கு முட்டிவலி எப்படி இருக்குதுன்னு கேட்டுட்டுத்தான் வண்டியைக் கேக்குறான். இந்தப் போனால எங்களுக்குத் தூக்கமே போச்சு தம்பி.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். நல்ல மேற்கோள்.

புறப்படும்போது, எல்லா க்ராக் பாக்ஸ் ஆட்களிடமும் கேட்பதுபோல் கேட்டேன். “இவ்வளவு தொந்தரவு எதுக்கு சார்? எக்ஸ்சேஞ்சுல ஒரு லெட்டர் குடுத்தா நம்பரை மாத்தித் தருவாங்களே.”

“நக்கோ,” என்றார், வேண்டாம் என்று. ஒரே சொல். அவர் சிரிக்காமல் பேசியது அந்தக் காலையில் அப்போதுதான்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். “சொல்லுங்களேன்,” என்றார். “பேப்பர்காரர் கேக்குறாரு இல்ல.”

அவர் சொன்னார். ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு நகரின் மேற்கே புதிய கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டாள். வேறு மதம், வேறு மொழி. வீட்டில் சொன்னபோது இவர் ஒப்புக்கொள்ளவில்லை, அவள் பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் போன் செய்தாள். அப்பா என்றாள். இவர் “ராங் நம்பர்” என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார். கணவனும் மனைவியும் அந்த வாரமே அமெரிக்கா போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. அதெல்லாம் நடந்து இரண்டு வருடம்.

“நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்,” என்றார் அம்மா. “புடுங்கியிருக்கலாம். புடுங்கலை.”

“மறுநாள் காலைல ஒருத்தர் போன் பண்ணாரு,” என்றார் அவர். “பாட்னா வண்டி எப்பன்னு. முன்னெல்லாம் இந்த மாதிரி வந்தா ராங் நம்பர்னு வெச்சிடுவேன். அன்னிக்கு வாய்ல வரலை தம்பி. டைம் சொன்னேன். அப்புறம் வந்தவங்களுக்கும் சொன்னேன். சரியா சொல்லணும் இல்ல, அதுக்காக இதைப் பண்ணேன்.” சக்கரத்தைக் கையால் லேசாகத் தட்டினார். அது சுற்றி நின்றது.

பிறகு அவர் கேட்டதுதான் இப்போது நான் எழுதும் இந்தக் கட்டுரைக்கே காரணம். “உங்க பேப்பர் அமெரிக்காவுல கம்ப்யூட்டர்ல வருமாமே. நிஜமா?”

“வரும் சார். அன்னிக்கே வரும்.”

“அப்ப இதையும் போடுங்க. சக்கரம், கிளிப்பு, அதெல்லாம் உங்க இஷ்டம். இதைப் போடுங்க. அவ தினம் நம்ம ஊர்ப் பேப்பர் பார்க்கிற பொண்ணு.”

போடுகிறேன் என்றேன்.

மறுநாள் புகைப்படக்காரர் போனார். கணவர் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் சக்கரத்தோடு நின்றார். அம்மா படத்துக்கு வர மறுத்துவிட்டார். நான் ஆறு பாரா எழுதினேன். மேலே சக்கரம், முப்பத்திரண்டு கம்பி, கல்யாணப் பத்திரிகை, ரயில்வேக்காக மன்னிப்பு. ஐந்தாவது பாராவில் அம்மாவின் தூக்கம். ஆறாவதில் மகள். அதை நான்கு தடவை திருத்தி எழுதினேன். அந்தப் பெட்டிக்காக நான் எழுதியதில் மிகக் கவனமாக எழுதியது அந்த பாராதான். அதனாலேயே அதைக் கடைசியில் வைத்தேன்.

புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து வந்தார்கள். ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனி, ஆட்கள் தேவை, கால் பக்கம். அந்த வருடங்களில் அப்படித்தான் வரும், எந்தப் பக்கத்திலும் யாரும் மறுக்க முடியாது. பக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தவன் நான். எல்லாச் செய்தியிலும் கொஞ்சம் கொஞ்சம் போக வேண்டியிருந்தது. க்ராக் பாக்ஸில் பதினொரு வரி. அம்புக்குறியைக் கீழே கொண்டுபோய், ஆறாவது பாராவை நிறம் மாற்றி, நீக்கினேன். பத்து விநாடி ஆகியிருக்காது. வெட்டும்போது மனதில் போராட்டம் எதுவும் நடக்கவில்லை. அதை எழுதவேண்டும் என்றுதான் இந்த விவரத்தைச் சொல்கிறேன். நான் எண்ணிக்கொண்டிருந்தது வரிகளை. மேலே நான்காவது பாராவில் சக்கரத்தின் அட்டைகளைப் பற்றிப் பதினான்கு வரிகள் இருந்தன. அவற்றை எடுத்திருக்கலாம் என்பது வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் தோன்றியது. அப்போது பக்கம் அச்சுக்குப் போய்விட்டிருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தால் இன்டர்நெட்டில் போவதையாவது மாற்றச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. மறுவாரம் எப்படியாவது சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் நானே போன் செய்தேன்.

“நல்லா வந்துக்குது தம்பி,” என்றார். “போட்டோ நல்லா இருக்குது. சந்துல எல்லாரும் பார்த்தாங்க.” பிறகு கேட்டார். “கடைசில ஒண்ணு விட்டுப்போச்சோ?”

“இடம் இல்லாமப் போச்சு சார். விளம்பரம்.”

“ஓ. அடுத்த வாரம் வருமா?”

“பார்க்கிறேன் சார்.”

ஒரு செய்தியின் கடைசி பாராவைத் தனியாக அடுத்த வாரம் போடுகிற பழக்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அது எனக்குத் தெரியும். சீஃப் சப்பிடம் கேட்கக்கூட இல்லை.

இரண்டாவது வாரம் அவரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வாசலில் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். முந்தின வாரம் திங்கள்கிழமை காலை போன் அடிக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் டயல் டோன் இருக்கிறது. பதினொரு மணிக்கு லைன்மேன் கையில் ஒரு தாளோடு வந்தான். எக்ஸ்சேஞ்சின் பெரிய அதிகாரி பேப்பரைப் படித்தாராம். வயதான தம்பதி, தப்பான அழைப்புகள், அந்த அம்மாவுக்குத் தூக்கமே இல்லை என்று படித்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லையாம். விண்ணப்பம் இல்லாமல், காத்திருப்பு இல்லாமல், தானே கையெழுத்துப் போட்டு எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டார். தாளில் புதிய எண் இருந்தது. “அப் ஆராம் கரோ அம்மா,” என்றானாம் லைன்மேன். இனி நிம்மதியாக இருங்கள் என்று. அம்மா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். தாளில் என்ன இருக்கிறது என்பது இவர் கேபினிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்திருக்கிறது.

“எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். நல்ல மனுசன், நாற்காலி போட்டாரு. பழைய நம்பரைக் குடுங்கன்னேன். கைக்கு, எதுக்குன்னு கேட்டாரு. எனக்குச் சொல்ல வரலை. அந்த நம்பரை வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சாம். அத்தனை பேரு லைனுக்குக் காத்துக்கினு இருக்காங்களாம்.”

யாருக்கு என்றும் விசாரித்து வந்திருந்தார். அதே எக்ஸ்சேஞ்சுக்கு உட்பட்ட ஹப்சிகுடாவில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம்.

“நான் போயி கேட்டா யாரோ கெழவன்னு நெனைப்பாங்க. பேப்பர்காரர் கூட வந்தா மரியாதையாப் பேசுவாங்க. வர்றீங்களா தம்பி?”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

ஹப்சிகுடாவில் மெயின் ரோட்டின் மேலேயே, ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த நிலையம். படியெல்லாம் செருப்புகள். வரவேற்பில் ஒரு பெண், இருபது வயதுக்கு மேல் சிலது இருக்கும், அவள் முன்னால் போன். மேனேஜர் வகுப்பில் இருக்கிறார், உட்காருங்கள் என்றாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். சுவரில் அந்த வருடம் எல்லோரும் படித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மொழிகளின் பெயர்கள்.

போன் அடித்தது. அவள் எடுத்தாள், நிலையத்தின் பெயரைச் சொன்னாள், கேட்டாள். “ராங் நம்பரண்டி,” என்று வைத்தாள்.

நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது தடவை சொன்னாள். முதலில் மரியாதையாக, பிறகு அலுப்பாக, பிறகு ‘அண்டி’ இல்லாமல். அவர் ஒவ்வொரு முறையும் போனையே பார்த்தார். கைகள் இரண்டும் முழங்கால் மேல் இருந்தன. ஏழாவதோ எட்டாவதோ, அவளே அலுத்துப்போய் எங்களைப் பார்த்து, “எல்லாம் ட்ரெயின் டைம் கேக்குறாங்க அங்கிள். இந்த நம்பரை யாரு வெச்சிருந்தாங்களோ,” என்று தெலுங்கில் சொன்னாள்.

“யாரு எந்த வண்டி கேட்டாங்க?” என்றார் அவர்.

“ஏதோ பாட்னா.”

அவர் நேரத்தைச் சொன்னார். பிளாட்பாரத்தையும் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்கிள், நீங்க இங்க வேலைக்கு வந்திடுங்க.”

அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் அவளிடமே கேட்டார். மேனேஜர் வரும்வரை காத்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். புதிய எண்ணை எழுதிய ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தார். சக்கரத்துக்கு வெட்டிய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் ஒன்று அது. ஒரு பெண் போன் செய்வாள், தமிழில் பேசுவாள், வெளிநாட்டிலிருந்து, அவளிடம் இந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்றார். என் மகள் என்றார்.

அந்தப் பெண் சீட்டைக் கையில் எடுத்தாள். பிறகு, “வெளிநாடுன்னா, குரல் கொஞ்சம் தள்ளி வருமா அங்கிள்?” என்று கேட்டாள்.

“ஹவ்,” என்றார், ஆமாம் என்று.

“லைன் வந்த புதுசுல, போன வாரம், அப்படி ஒண்ணு வந்தது. லேடீஸ் குரல். நான் இன்ஸ்டிட்யூட் பேரைச் சொன்னேன். அவங்க என்னமோ சொன்னாங்க, தெலுங்கும் இல்ல, ஹிந்தியும் இல்ல. ராங் நம்பர்னு வெச்சேன். திரும்பவும் வந்தது. திரும்பவும் அதையே சொன்னேன்.” சீட்டை மேஜைமேல் வைத்தாள். “அப்புறம் வரலை.”

மேனேஜர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களில் யாராவதாக இருக்கலாம், எல்லா மொழிக்காரர்களும் உண்டு என்றார். அதுவும் நியாயம்தான். இந்த எண் எங்கள் நோட்டீஸ்களில் அச்சாகிவிட்டது, விட்டுக்கொடுக்க முடியாது, ஆனால் சீட்டு மேஜையிலேயே இருக்கும் என்றார். அந்தப் பெண் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சீட்டைச் செருகிவைத்ததை நான் பார்த்தேன்.

படியிறங்கிச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டோம். பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். நிறுத்தத்தில், “ரெண்டு வாட்டி பண்ணியிருக்கா பாருங்க,” என்றார்.

“அவங்களா இல்லாமலும் இருக்கலாம் சார்.”

“ஹவ், ஹவ்.” பஸ் வந்தது. ஏறும்போது, “அந்தக் கடைசி பாராவை இப்ப போட முடியுமா தம்பி?” என்று கேட்டார்.

அன்று மாலை சீஃப் சப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருத்தம் என்று இரண்டாம் பக்கத்தில் நாங்கள் சிறிதாகப் போடுவது உண்டு. அதிலாவது போடலாமா என்றேன்.

“அச்சானதுல எது தப்பு?” என்று கேட்டார்.

“எதுவும் இல்ல சார்.”

“அப்ப எதைத் திருத்துறது?” அவர் குரலில் கேலி இல்லை. அவரும் வழி தேடினார் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில், காணவில்லை விளம்பரம் ஒன்றைத் தன் செலவில் போடச் சொல்வதாகச் சொன்னார். அதைக் கொண்டுபோய் மெட்டுகுடாவில் சொன்னபோது பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அவ காணாமப் போவலை தம்பி,” என்றார்.

சக்கரத்தை அவர் சில வாரங்கள் சரியாகத்தான் வைத்திருந்தார். போகும்போதெல்லாம் கிளிப்புகளைக் கவனிப்பேன். காலையில் கேபினைக் கேட்டு, பச்சையைச் சிவப்பாக மாற்றி, சிவப்பைப் பச்சையாக மாற்றி வைத்திருப்பார். கேட்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை காகிநாடாக்காரர் மட்டும் எப்படியோ வீட்டைக் கண்டுபிடித்து, ஒருநாள் நேரில் வந்து அம்மாவின் முட்டிவலியை விசாரித்துவிட்டுப் போனாராம். புதிய ரயில்வே கால அட்டவணை வந்தபோது அட்டைகளை அவர் மாற்றவில்லை. அதற்குப் பிறகு சக்கரத்தில் இருந்த நேரங்கள் பழைய நேரங்கள்.

க்ராக் பாக்ஸை நான் அடுத்த வருடம் விட்டுவிட்டேன். ஊர் முழுக்கப் போன் எண்களுக்கு முன்னால் ஓர் இரண்டைச் சேர்த்தார்கள். பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. ஹப்சிகுடா நிலையம் மூடப்பட்டு அந்த மாடியில் கண் ஆஸ்பத்திரி வந்தது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சீட்டு என்ன ஆயிற்று என்று தெரியாது. நான் வேலை மாறி, வீடு மாறி, மெட்டுகுடாவுக்குப் போவது வருடத்துக்கு ஒரு முறை என்று ஆனது. அவர் இறந்த செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. மாரடைப்பு, காலை நேரம், கேபினுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்றார்கள்.

மகள் வந்தாள். இதை எனக்குச் சொன்னவர் அம்மாதான், அதற்கு அடுத்த வருடம். யாரோ உறவினர் மூலம் தெரிந்து, கணவனோடும் மூன்று வயதுப் பெண் குழந்தையோடும் வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போயிருக்கிறாள். குழந்தை நாள் முழுக்கச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்ததாம். பாதி அட்டைகள் கழன்றுவிட்டன, மாட்டவில்லை, கிளிப்புகள் துணி காயப்போட ஆயிற்று என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போனில் பேசுகிறாளாம்.

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. “அந்தச் சமயத்துல போன் பண்ணாங்களான்னு கேட்டீங்களாம்மா? ரெண்டு தடவை?”

அம்மா நான் குடித்த டீ தம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

“கேக்கலை தம்பி. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா, நான் அதை எங்க கொண்டுபோயி வெக்கிறது.”

அந்த ஆறாவது பாரா என்னிடம் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் பிழை பார்க்க எடுத்த பிரிண்ட். ஆங்கிலத்தில் பதினொரு வரி. தமிழில் இவ்வளவுதான் வருகிறது:

இரண்டு வருடங்களுக்கு முன் இவருடைய மகள் தன் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டு வீட்டை விட்டுச் சென்றார். மூன்றாம் நாள் அவர் போன் செய்தபோது, ‘ராங் நம்பர்’ என்று சொல்லி ரிசீவரை வைத்தவர் இவர்தான். அதன் பிறகு அந்த இரண்டு சொற்களை இந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. இவ்வளவு தொந்தரவுக்குப் பதிலாக எண்ணை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு, மகளுக்குத் தெரிந்த எண் இது ஒன்றுதான் என்றார்.